மாமாவுக்கு நான் போட்ட முட்டை

எங்கள் நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் ஒருவர் எவ்வளவு படித்தவர் என்று வாயைத் திறந்து கேட்கவேண்டியதில்லை. எந்த வட்டம், எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று தெரிந்தால் போதும். இன்ஜினியர் வீட்டுக்கு முன்னும் பின்னும் தோட்டம் இருக்கும். கேட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் தொங்கும். எங்கள் வாசலில் தொங்கியது அப்பாவின் மைன்ஸ் சட்டை மட்டும்தான், காய்வதற்காக.

அந்தச் சின்ன குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மா, நான் போக, மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் சிலரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும் என்று பேச்சு வந்தது. மாமா மற்ற எல்லாப் பாடத்திலும் எப்போதோ பாஸ். சமூக அறிவியலில் மட்டும் கோட்டை விட்டிருந்தார். மார்ச்சில் அதை எழுதி முடித்தால் பெயர் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே மார்ச்சில் அதே பேப்பரை எழுதவேண்டிய இன்னொருவனும் அந்த வீட்டில் இருந்தான். நான்தான்.

என் பயம் என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். அரையாண்டில் சமூக அறிவியலில் எனக்கு நாற்பத்தொன்று. அம்மாவோ பால் ஊற்றுகிறவர் மகனின் கையெழுத்தோடு என் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறவள். மாமா நாற்பத்திரண்டு வாங்கிவிட்டால் என் கதி என்ன? எட்டு மணி நேரம் சேற்றில் நின்றுவிட்டு வருகிற மனுஷன் வாங்கியிருக்கிறான், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற உனக்கு என்னடா கேடு என்று ஆரம்பித்தால் அது என் கல்யாணம் வரைக்கும் ஓயாது. இதை நினைத்து இரண்டு நாள் எனக்கு வயிறே சரியில்லை. வயிற்றுப்போக்குக்குக் காரணம் பரீட்சை பயம் என்று நினைத்து அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். மாமா பாஸாகிவிடுவாரோ என்ற பயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இந்த லட்சணத்தில் மாமாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. சும்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு அவனைக் கேள்வி கேள், அவனுக்கும் ஆச்சு உனக்கும் ஆச்சு என்றாள் அம்மா.

நான் வாத்தியார் ஆனேன். கெட்ட வாத்தியார். மாமாவைத் தனி நோட்டு வாங்கி வரச் சொன்னேன், இரண்டு பக்கமும் மார்ஜின் போடச் சொன்னேன், சிவப்புப் பேனா ஒன்றும் சம்பாதித்துக்கொண்டேன். மாமா முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, என் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். என்னைவிட இரண்டு மடங்கு வயது.

"சார், தண்ணி குடிச்சிட்டு வரலாமா சார்?" என்பார்.

நானும் கூசாமல் தலையாட்டுவேன்.

ஒருநாள் புவியியலில், ஆர்ட்டீசியன் ஊற்று பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி கொடுத்தேன். புத்தகத்தில் நாலு வரி. மாமா பேனாவை எடுத்தவர் நிறுத்தவேயில்லை. இரண்டு பக்கம். கரிக்கு அடியில் தண்ணீர் எப்படி அடைபட்டுக் கிடக்கிறது, மேலே இருக்கிற மண்ணை வெட்டி எடுத்தால் எப்படி அது தரையை முட்டித் தள்ளப் பார்க்கிறது, சுற்றிலும் பம்புகள் ஓயாமல் ஓடினால் எப்படி அடங்கும், ஒரு பம்ப் நின்றால் பக்கத்துக் குழாயில் நீர்மட்டம் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று எழுதி, ஓரத்தில் படமும் போட்டு, அம்புக்குறியும் போட்டிருந்தார்.

படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. பாதி புரியவில்லை. எனக்குப் புரியாததெல்லாம் தப்பு என்பது அன்றைய என் கொள்கை. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் பெரிய முட்டை ஒன்று போட்டேன்.

மாமா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, தப்பா?"

"புக்குல இப்படி இல்ல மாமா."

"நான் தெனம் பாத்துகினு இருக்கறதுதான மாப்ள."

"பாத்தத எழுதுனா மார்க் போட மாட்டாங்க. புக்குல இருக்கறத எழுதணும்."

அவர் வாதாடியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் சிரித்துவிட்டு, புத்தகத்தின் நாலு வரியைப் பத்து தடவை எழுதிக் காட்டினார். அதிலும் 'ஊடுருவாப் பாறை' என்பதில் ஒரு 'ஊடுருவா' விட்டுப்போயிருந்தது என்று திரும்ப எழுதவைத்தேன்.

மாமாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் பரீட்சை சென்டர் விழுந்தது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் எழுதிவிட்டு வந்தார். எப்படி என்று அம்மா கேட்டதற்கு, பாப்போம்க்கா என்று மட்டும் சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் என் நம்பர் இருந்தது; மாமா மாதிரி தனியாக எழுதியவர்களின் ரிசல்ட் இன்னும் வரவில்லை. அம்மா எதிர்வீட்டுக்கு ஓடினாள், அப்பா பஜாருக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். கொஞ்ச நாள் கழித்து மார்க் ஷீட்டுகள் வந்தன. சமூக அறிவியலில் எனக்கு நாற்பத்தேழு. மாமாவுக்கு முப்பத்திரண்டு. மூன்று மார்க் போதவில்லை.

அம்மா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நானோ குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் ஒரு ஆட்டம் ஆடினேன். பதினைந்து மார்க் வித்தியாசம். என் கல்யாணம் வரைக்கும் கவலையில்லை.

வெளியே வந்து, பெருந்தன்மையோடு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆர்ட்டீசியன் ஊற்று கேள்வி வந்திருந்ததே, அதுவே ஐந்து மார்க் ஆயிற்றே, எழுதவில்லையா என்று கேட்டேன்.

"வந்துது மாப்ள. ஒன் புக்கு வரி ரெண்டாவதுக்கு மேல ஞாபகம் வரல. எனக்குத் தெரிஞ்சத எழுதலாம்னு பாத்தேன். நீதான் அது தப்புன்னு முட்ட போட்டியே. அதான் வுட்டுட்டேன்."

குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. படித்தவன் சொன்னான், கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு வந்ததோ எரிச்சல். நாலே நாலு வரி, அதை மனப்பாடம் செய்ய முடியாதா ஒரு மனிதரால்? புத்தகத்தை எடுத்து வந்து, அந்த நாலு வரியையும் அவருக்கு மறுபடி நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். ஷிப்டுக்குக் கிளம்பவேண்டிய நேரம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அடுத்த தடவ இத மறந்துடக் கூடாது மாமா" என்றேன்.

"செரி மாப்ள" என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று அவருக்குக் கிடையாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தினமும் சோற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்டதுதான். காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.