இரண்டாவது வாளி

தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது என் மகள் கைக்குழந்தை. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கோலா சிலாங்கூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். அன்றாடம் நிறுக்கும் ரப்பர் பாலைப் பதிய ஒரு புரோகிராம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு தொழிலாளியின் எண் ஒரே நாளில் மறுபடியும் வந்தால் அது தவறு, ஏற்கக் கூடாது என்று அதில் எழுதினேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பால் நிறுக்கும் கொட்டகை ஆபீசுக்குப் பின்னால்தான். ஒரு காலை போய் நின்று பார்த்திருக்கலாம். போகவில்லை.

வேலைக்கு நடுவே, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் போய் மகளுக்குப் பால் கொடுப்பேன். பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டும் பெண் ஒருத்தியும் தன் மகனுக்குக் கொடுக்க அதே நேரம் வருவாள். பேசிக்கொண்டிருப்போம். திடீரென்று அவளைக் காணோம். நான் ஏதும் தவறாகப் பேசிவிட்டேனோ என்றுதான் முதலில் பயந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் கேட்கவே சில வாரங்கள் ஆயின.

“அந்தப் புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, ஆயா?”

“அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. ஒங்க மெசினுதான் ஒரு தடவைக்கு மேல நிறுக்காதாமே. சம்பந்தி வீட்டு மாப்ளயாட்டம் அதுக்கு ரொம்பத்தான் கிராக்கிலா!”

ஆயா சிரித்தாள். பிறகு விவரம் சொன்னாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் அதுவரை சேர்த்த ரப்பர் பாலை ஒரு வாளியாக நிறுத்துவிட்டு வந்துவிடுவாள். மீதியைப் பக்கத்து மர வரிசையில் வெட்டும் நிரைக்காரி சேர்த்து, பிள்ளைக்காரியின் பெயரிலேயே கொண்டுவருவாள். அந்த இரண்டாவது வாளியை என் புரோகிராம் தள்ளிவிட்டது. நிறுவையைப் பதியும் கிராணி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்ல, மண்டோர் பெண்களிடம் ஒரே தடவைதான் என்று சொல்லிவிட்டார். அதனால் முழுப் பாலும் சேரும்வரை அவளால் நிரையை விட்டு வர முடியவில்லை.

அன்றே அந்த வரிகளை நீக்கினேன். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன்.

“இனிமே ரெண்டு தடவையும் நிறுக்கலாம்மா. நாளைக்கு வந்துடு.”

“எதுக்குக்கா? வத்திப் போச்சு. டின்னு பாலுக்குப் பழகிட்டான்லா.” அவள் குரலில் கோபமே இல்லை. “உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்.”

விடாமல் கொடுத்தால் மறுபடியும் சுரக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் எங்கோ படித்ததுதான். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

மறுநாள் ஆயா டின் பாலை ஆற்றிக்கொண்டிருக்கையில் அவள் மகன் பசியில் வீறிட்டான். என் மகள் மடியிலேயே தூங்கிவிட்டிருந்தாள். அந்த அழுகைக்கு என் மார்பு சுரந்து ரவிக்கை நனைந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.