என் இடது கைக்கு ஒரு கியர்

ஸ்ட்ரோக் வந்து தேறிய பிறகு, கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் இடது கைதான் சம்மதிக்கவில்லை. பலம் பாதி திரும்பியிருந்தது; விரல்கள் மட்டும் மரத்தே கிடந்தன. என் காரோ தோட்டத்துத் துரைமார் ஏறிய காலத்துச் சொகுசுக் கார். கியர்க் கம்பு ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் கியர் போட அதை நம் பக்கம் இழுத்து, இழுத்தபடியே கீழே அழுத்த வேண்டும். அது என்னால் முடியவில்லை.

"ஆட்டோ கியர் கார் வாங்கிக்கோங்க லா" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எரிச்சல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பிரிக்பீல்ட்ஸ் கோவிலுக்கு என் மனைவியை அந்தக் காரில் கூட்டிப் போனவன் நான். இப்போது அவள் என்னைக் கைபிடித்துக் கிள்ளானில் ரயில் ஏற்றுகிறாள். மறுபடியும் நான் அவளைக் கூட்டிப் போக வேண்டும், வேறு ஆசையில்லை.

கிள்ளானில் பழைய கார்களுக்குப் பாகம் கடைந்து தரும் பட்டறைக்காரர் ஒருவர். வயது நாற்பதுதான், வாய் கொஞ்சம் நீளம். என் கையைப் பிடித்து, இழுக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார்.

"தள்ளுறது நல்லா வருது அங்கிள். இழுக்கத்தான் வரல. ஸ்பிரிங்கத் திருப்பிப் போட்டுருவோம். இழுக்குறத அது பாத்துக்கும்."

கம்பை நீளமாக்கினார். கியர்பெட்டிக்குப் போகும் தேய்ந்த தண்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாகக் கடைந்து பேரிங் வைத்தார். "ஏறிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகும். சத்தமே வராது" என்று பெருமையடித்தார்.

ஏறினேன். கம்பு வழுக்கிக்கொண்டு போனது. கிளட்சை விட்டேன், இஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. மறுபடி முயன்றேன், பல்லோடு பல் உரசிக் கத்தியது.

"யோவ், கை மரத்துப்போனவனுக்கு வெண்ணெயக் குடுத்தா என்னய்யா பண்றது? கியர் விழுந்துச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். தண்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு குழி வெட்டி, ஸ்பிரிங் வைத்த இரும்புக் குண்டு அதில் போய் விழும்படி செய்தார். இப்போது கியர் விழுந்தால் 'டக்'கென்று காதிலேயே கேட்டது.

"சொகுசுக் காருக்கு லோரி சத்தம் வச்சிருக்கேன். என் பட்டறைன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அங்கிள்."

எண்ணெய் ஒட்டும் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. கத்தின வாய்க்கு நன்றி சொல்ல வரவில்லை. அவர் நல்லா இருக்கணும்.

வெள்ளிக்கிழமை காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் மனைவி. 'டக்'. பழங்களை நசுக்கிக்கொண்டு கார் குலுங்காமல் முன்னால் போனது.

ஃபெடரல் ஹைவேயில் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வந்தாள். பெட்டாலிங் ஜெயா தாண்டியதும் பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க இது, மாட்டு வண்டி மாதிரி உருட்டுறீங்க? நடை சாத்திடுவாங்க!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. பச்சைப்பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். அப்பாடா, திட்டிவிட்டாள்! சந்தோஷம் தாங்காமல், "கொஞ்சம் சும்மா வர்றியா?" என்று நானும் பழையபடி கத்தினேன்.