மேகமில்லாத வானத்தில் மின்சாரம்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பங்குனி மாதம். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். லீவு விட்ட அன்று கல்லூரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு பித்தளைக் கம்பி. அதன் முனையில் காகிதத்தைவிட மெல்லிய இரண்டு தங்க ரேக்குகள் ஒட்டித் தொங்கின. கம்பியில் மின்சாரம் ஏறினால் அவை விலகி விரியுமாம்.

“நாளைக்கு ஆகாசத்து மின்சாரத்தை இதுல காட்டுதேன்” என்றார்.

“மேகமே இல்லையே. மின்சாரம் எங்கன இருக்கும்?”

“பூமியில ஒரு வகை, மேல காத்துல இன்னொரு வகை. வெறும் வெயில்லயும் இருக்குட்டி. நாம அதுக்குள்ளதான் நடமாடுதோம்.”

நான் நம்பவில்லை. ஆனாலும் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் ஒரு நீளமான மூங்கில் கழியோடு மொட்டைமாடிக்கு ஏறினோம். மின்சாரம் மூங்கில் வழியே இறங்கிவிடாமல் இருக்க, கழி நுனியில் ஓர் அரக்குக் கட்டையை வைத்துக் கட்டினார். அதில் செப்புக்கம்பியை மாட்டி, மறுமுனையைக் குப்பியோடு சேர்த்தார். கழியைத் தூக்கிப் பிடித்தது நான். ரேக்குகள் அசையவே இல்லை.

அவர் முகம் வாடிவிட்டது. புஸ்தகத்தைப் புரட்டினார். “நுனியில ஏதாவது புகைஞ்சுக்கிட்டே இருக்கணுமாம். அப்பத்தான் காத்து மின்சாரம் கம்பியில ஏறுமாம். அதுக்குச் சீமையில தனியா ஒரு காகிதம் செய்யுதாங்க. இங்கன எங்க கிடைக்கும்?”

“வெத்திலைக் கடையில சுருட்டுப் பத்தவைக்க ஒரு கயிறு தொங்குமே, அது பொழுதன்னைக்கும் புகையத்தானே செய்யுது?”

என்னையே ஒரு கணம் பார்த்தார். மேல்துண்டு கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

புகையும் கயிற்றைக் கம்பி நுனியில் கட்டி மறுபடி உயர்த்தினேன். ரேக்குகள் நடுங்கின. பைய விலகின. “விரியுது! ஏட்டி, விரியுது!” என்று கத்தினார். கழியை இறக்கினேன், சேர்ந்தன. உயர்த்தினேன், விரிந்தன. பளிச்சென்ற நீல வானம். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. எனக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. இறக்குவதும் ஏற்றுவதுமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த மதினி, “ரெண்டு பேரும் காத்தாடியா விடுதிய?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கழியை இன்னொரு தடவை உயர்த்தினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகும் கழி மாடிச் சுவரில் கட்டியபடி அங்கேதான் நின்றது. சாயங்காலம் பொதிகைப் பக்கம் கறுத்தது. மேகம் நெருங்க நெருங்க ரேக்குகள் மெல்ல ஒன்று சேர்ந்தன. அவ்வளவுதான் என்று நினைத்தேன். திடீரென்று முன்னைவிட அகலமாக விரிந்தன. “மாறிட்டு! இப்ப மத்த வகை மின்சாரம் ஏறுது!” என்று அவர் குதித்தார்.

மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குப்பியையே பார்த்தேன். ரேக்குகள் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து தொங்கின. “மின்னிச்சா?” என்றேன். “மின்னிச்சு!” என்றார். அதற்குப் பிறகுதான் இடி வந்தது. திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு மின்னலையும் சொன்னேன்.

கம்பியைச் சரிசெய்யக் கையை நீட்டினார். பட்டென்று ஒரு பொறி அவர் விரலுக்குத் தாவியது.

“போதும், வாங்க!” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே வந்து கதவைச் சாத்துவதற்குள் காது அடைக்கிற மாதிரி ஓர் இடி. பின்கட்டுத் தென்னையின் குருத்து கருகிப் புகைந்தது.  அவர் மெதுவாக, “குப்பியை எடுக்கலையே” என்றார்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். குப்பி உடையவில்லை, ஒரு ரேக்கு மட்டும் கிழிந்திருந்தது. கல்லூரியில் என்ன சொல்வது என்று அவர் கவலைப்பட்டார். நானோ, புது ரேக்கு ஒட்டித் தந்தால் கடல் காற்றில் எப்படி விரிகிறது என்று பார்க்கத் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.