லெஸ்யாவின் ஒற்றை மணி

கனடாவில் டாஃபின் என்கிற சின்ன ஊரில் லெஸ்யாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அஞ்சலகத்துக்குப் போனவள், அங்கிருந்து அப்படியே தோழி வீட்டுக்குச் சீட்டாடப் போய்விட்டாள் என்று கதை சொல்வார்கள். ஊர் சிரிக்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவது ஊருக்குத் தெரியாது. சோம்பேறி, அக்கறை கெட்டவள் என்று பள்ளிக்கூட வாத்தியார் தொடங்கி, விட்டுப்போன புருஷன் வரைக்கும் எல்லோரும் சொல்லியாயிற்று. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு டாக்டர்தான் வேறு மாதிரிச் சொன்னார்.

"உங்களுக்கு இருக்கிறது ஏ.டி.எச்.டி. அக்கறை நிறையவே இருக்கு. கவனம்தான் ஓரிடத்துல உட்கார மாட்டேங்குது."

மாத்திரை கொடுத்தார். பேசிக் குணப்படுத்துகிற வைத்தியத்துக்கு வின்னிபெக் நகரத்துக்குப் போக வேண்டும்; அங்கே காத்திருப்போர் வரிசை அடுத்த குளிர்காலம் வரைக்கும் நீண்டது. அதுவரை இதை வைத்துப் பாருங்கள் என்று, வேலைகளை மணியடித்து நினைவூட்டி, நடந்ததைக் கேட்டு எழுதவைக்கிற ஒரு செயலியை அவள் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார்.

அவள் அதைச் சும்மா விளையாட்டுக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா ஓரெஸ்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். கூட்டிப்போக அவளை விட்டால் ஆளில்லை. இலையுதிர் காலத்திலேயே இரண்டு தடவை நேரம் தவறி, அதைத் தம்பி லோர்னிடம் மறைத்தும் விட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. வின்னிபெக்கிலிருந்து போனிலேயே குதித்தான்.

"இன்னொரு தடவை தவறட்டும், அப்பாவை இங்கே கொண்டுவந்து முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்!"

"அங்கே எனக்கு யாரைடா தெரியும்? சீட்டாடக்கூட ஆள் கிடையாது" என்று கிழவர் லெஸ்யாவின் பின்னாலிருந்து கத்தினார். அப்பா போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

செயலியை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். இறங்கினவள் இறங்கினவள்தான்! பல் தேய்க்க ஒரு நினைவூட்டல், பூட்ஸ் மாட்ட ஒன்று, பனி வார ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். வியாழக்கிழமை காலையில் ஓரெஸ்ட் தடித்த கோட்டும் கம்பளிக் குல்லாயுமாகக் கதவருகே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, எனக்கு வேர்த்துக் கொட்டுது."

"இதோப்பா, ஒரே நிமிஷம். 'கிளம்பு'ங்கிறதுக்கு நீலம் நல்லா இருக்கா, பச்சை நல்லா இருக்கா?"

நடுவே கிளம்புகிற மணி அடித்தது; அணைத்துவிட்டு மறுபடி நிறம் பார்த்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது நேரம் போயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார்கள். அன்று பூராவும் கிழவர் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து லோர்னுக்குச் செய்தி போனது; அவன் போனில் குடைந்தபோது நிறம் பார்த்த கதையும் வெளியே வந்தது.

"கிளம்பச் சொல்ற மணிக்குக் கலர் பூசிக்கிட்டிருந்ததுல கிளம்ப மறந்துட்டியா? அடக் கடவுளே! சனிக்கிழமை நேரா ஆஸ்பத்திரிக்கு வரேன். அவர் பெட்டியைக் கட்டி வை. இல்லத்துல அறை சொல்லியாச்சு."

செயலியை அழித்துத் தலைமுழுகத்தான் கைப்பேசியை எடுத்தாள். திரையில் அது வழக்கமான கேள்வியோடு நின்றது. 'இன்று என்ன நடந்தது? உங்களைத் திட்டாமல் எழுதுங்கள்.'

"திட்டாம எழுதறதாம்!" என்று பொருமிக்கொண்டே, 'நான் ஒரு முட்டாள்' என்று தட்டினாள்.

'இது நடந்ததா, திட்டா?' என்று கேட்டது.

அவளுக்குச் சுரீரென்றது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'மணி அடித்தது. அணைத்தேன். அணைத்ததும் வேலையே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.'

எழுதினதை அவளே திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷமாக எங்கே விழுந்துகொண்டிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது. செயலி விடவில்லை. 'அடுத்த முறை மணி அடிக்கும்போது உங்கள் உடம்பு என்ன செய்யும்?' என்று கேட்டது. மனசை அல்ல, உடம்பைக் கேட்டது.

எல்லா நினைவூட்டல்களையும் துடைத்தாள். 'கிளம்பு' என்கிற ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டாள். கைப்பேசியைக் கதவுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். மணி அடித்தால் எழ வேண்டும், நடக்க வேண்டும், இரண்டு காலும் பூட்ஸுக்குள் போன பிறகுதான் அணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் அதையே ஒத்திகை பார்த்தாள். சோபாவில் படுத்தபடி ஓரெஸ்ட் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பட்டாளத்துல கூட இந்தப் பாடு இல்லம்மா."

"சிரிங்க. நாளைக்குச் சிரிச்சுக்கிட்டே உங்க பூட்ஸையும் மாட்டுங்க. பெட்டி மட்டும் கட்ட மாட்டேன்."

சனிக்கிழமை வெளியே மூச்சு விட்டால் மூக்குமுடி உறைகிற குளிர். லெஸ்யா பெரோகி என்கிற கொழுக்கட்டைக்கு மாவு திரட்டி, உருளைக்கிழங்கு மசியலை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. தட்டில் இன்னும் நாலைந்துதான் பாக்கி. மடித்துவிட்டுப் போனால் என்ன என்று கை துடித்தது. அந்தக் கையை அவளுக்கு நன்றாகவே தெரியும். நாலைந்து முடிந்ததும் அடுப்பைத் துடைக்கச் சொல்லும், அப்புறம் அலமாரியை அடுக்கச் சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். மாவு காய்ந்தால் காயட்டும். பிசுபிசுத்த கையோடே கையுறையை மாட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். வாசலில் நின்ற லோர்ன் அவர்களைப் பார்க்கவில்லை, வண்டிக்குக் கீழே பார்த்தான். எஞ்சின் குளிரில் உறையாமலிருக்க ராத்திரி வீட்டுச் சுவர் பிளக்கில் செருகிவைக்கிற ஆரஞ்சு நிற மின்சார ஒயர், வண்டியின் மூக்கிலிருந்து தொங்கி, ஊர் நெடுக இழுபட்டு வந்து பின்னால் நீளமாகக் கிடந்தது.

"சுவரோட பிடுங்கிக்கிட்டு வந்திருக்கே! பார்த்தியா, எதுவும் மாறலை."

லெஸ்யாவின் முகம் சிவந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அழுதுவிடுவாள்.

"மாறலைதான். மறந்துட்டேன். நாளைக்கும் எதையாவது மறப்பேன். எதை மறக்கலைன்னு பாருடா!" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக் காட்டினாள்.

"உங்க சண்டையை உள்ளே போய்ப் போடுங்க. நான் விறைச்சுப் போறேன்" என்றார் ஓரெஸ்ட்.

உள்ளே நர்ஸ், "இன்னிக்கு நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க" என்று கூட்டிப்போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடத் தொடங்கியது. லோர்ன் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

"திரும்பவும் தவறினா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு, இனிமேல் தவறவே தவறாது என்று சத்தியம் செய்வாள். பிறகு பொய் சொல்வாள்.

"தவறினா அந்த நிமிஷமே நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். மறைக்க மாட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். கையுறை விளிம்பில் காய்ந்திருந்த மாவைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து இல்லத்துக்குப் பேசினான்.

"அந்த அறை வேண்டாங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க... ஐயையோ, இல்லைங்க, சாகலை. அவர் பொண்ணுகிட்ட இருக்கார்."