கப்பலாகிப் போன பத்து நாட்கள்

எழுபதுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பு படித்தபோது, தோஹாவில் நஜ்மா பக்கம் ஒரு பழைய வீட்டின் பாதியில் குடியிருந்தோம். மறுபாதியில் ஓர் அயர்லாந்துக் குடும்பம். அவர்களுடைய மகளுக்கு என் வயது. அவளுடைய அம்மாவை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் மதுரையிலிருந்து வந்த தினசரி காலண்டர் தொங்கும். லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது பெரியப்பா கொடுத்தனுப்புவார். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பது என் வேலை.

மழை வந்தது ஒரு புதன்கிழமை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுநாள் அரைநாள் பள்ளி, தண்ணீரைச் சாக்குச் சொல்லி அதற்கும் நான் போகவில்லை. சாக்கடை இல்லாத தெரு. ஒரு மணி நேரத்தில் குளமாகிவிட்டது. ஆன்ட்டி குடை இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து நனைந்துகொண்டே தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த, விறகுபோல எரியும் மண்கட்டி ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டுமாம், வகுப்பறைக் கணப்பில் எரிக்க. கட்டியை நனையவிட்ட பிள்ளைக்குக் கணப்பிலிருந்து தூரத்துப் பெஞ்சு. தங்கள் ஊர் மழையில் அந்தப் புகை வாசனை இருக்கும், இங்கே புழுதிதான் மணக்கிறது என்றார்.

ஆன்ட்டியின் மகளும் நானும் காகிதக் கப்பல் விட்டோம். கிழித்து வைத்திருந்த பழைய தாள்கள் தீர்ந்தன. அவர்கள் மார்ச்சில் ஊருக்குப் போவதாக இருந்தது. இனி வரும் நாட்களின் தாள்களைக் கிழித்தால் மார்ச் சீக்கிரம் வருமா என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பத்துத் தாள் கிழித்தோம்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த அப்பா காலண்டரின் முன்னால் வெகுநேரம் நின்றார். அந்தப் பத்துக்குள் ஒன்று தாத்தாவின் திதி: தை மாதம், வளர்பிறைச் சதுர்த்தி. ஊரில் பெரியப்பா செய்தாலும், அப்பா இங்கே ஒருபொழுது இருந்து காகத்துக்குச் சோறு வைப்பார். அம்மாவிடம் பஞ்சாங்கம் இல்லை. கேட்டுப் பார்க்க அக்கம்பக்கத்தில் வேறு தமிழ்க் குடும்பமும் இல்லை. பெரியப்பா வீட்டில் போன் இல்லை. கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம் ஆகும்.

"பத்து நாள் கப்பல்ல போயிருச்சு," என்றார் அப்பா. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

தெருத் தண்ணீரில் தேடிப் பார்த்தேன். அகப்பட்டவை கூழாகியிருந்தன. விஷயம் தெரிந்து ஆன்ட்டி தங்கள் சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே, பிறை பார்த்துத் தொடங்கும் அரபு மாதத் தேதியும் அச்சாகியிருந்தது. அப்பா விரல் விட்டு எண்ணினார்.

"அரபிக்காரங்களுக்கு மாசம் ஒண்ணுன்னா நமக்கு வளர்பிறை மூணு. அப்ப அவங்க ரெண்டு, நமக்கு நாலு. ஞாயித்துக்கிழமை."

ஞாயிறு அங்கே வேலை நாள். அப்பா அரைநாள் லீவு போட்டார். காகம் ஒன்றும் வரவில்லை. மதில்மேல் வைத்த சோற்றைப் புறாக்கள் தின்றன. சாப்பிட வந்த ஆன்ட்டி, தன் அப்பாவும் ஒரு ஜனவரியில்தான் இறந்தார், ஊரென்றால் சர்ச்சில் பெயர் சொல்லிப் பூசை வைத்திருப்பார்கள், இங்கே அதற்கு வழியில்லை என்று மகளின் தலையைத் தடவியபடி மெதுவாகச் சொன்னார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இன்னொரு தட்டு எடு. அவங்க அப்பாவும் சாப்பிடட்டும்."

அம்மா தாத்தாவுக்குப் படைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து, சோறும் பாயசமும் பரிமாறினாள். உறைப்பாக இருக்கும் என்று ரசத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் பெரியப்பாவின் கடிதம் வந்தது. சதுர்த்தி சனிக்கிழமையே வந்து போயிருந்தது. அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "ஏங்க, சனிக்கிழமை மாமா இங்க வந்து, சோறு இல்லைன்னு திரும்பியிருப்பாரோ?"

அப்பா கடிதத்தை மடித்தார். "சனிக்கிழமை அண்ணன் வீட்ல சாப்பிட்டிருப்பாரு. அப்புறம் கிளம்பி இங்க வர ஒரு நாள் ஆகும்ல."

நாங்கள் கல்ஃபில் இருந்தவரை, ஊரில் திதி முடிந்த மறுநாள்தான் எங்கள் வீட்டில் திதி. ஆன்ட்டியின் குடும்பம் மாற்றலாகிப் போன பிறகும் இரண்டு தட்டு வைத்தோம்.