காதோரம் குலுக்கிப் பார்த்த கேம் பெட்டி

எங்கள் குடும்பத்தில் பெரியய்யாவைக் கேட்காமல் ஒரு மண்வெட்டிக் காம்பு கூட வாங்கியதில்லை. அவர் என் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன். விதை, உழவு மாடு, கிணற்று மோட்டார், அம்மாவின் கல்யாணச் சேலை என்று எல்லாமே அவர் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. எனக்கு வீடியோ கேம் வாங்க அய்யா கீழக்கரைக்குக் கிளம்பியபோதும், எங்களுக்கு முன்பே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். வீடியோ கேம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அது ஒரு பெரிய குறையாக யாருக்கும் படவில்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அந்த வருஷம் எங்கள் முண்டு மிளகாய் நல்ல விலைக்குப் போயிருந்தது. கோடை லீவு முழுக்கக் களத்தில் காய்ந்த மிளகாய் வத்தலுக்கு நான்தான் காவல். ஆடு விரட்டியும், தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூடியும் கருகருவென்று ஆகிப்போயிருந்தேன். “என்ன வேணும் தாயி, கேளு” என்றார் அய்யா. தோடு கேட்பேன் என்று அம்மா நினைத்தாள். நான் கேம் பெட்டி கேட்டேன்.

கீழக்கரையில் என்னோடு படித்த தோழி வீட்டில் ஒன்று இருந்தது. அவள் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. நல்ல குண்டுப் பெட்டி. கொஞ்ச நேரம் ஓடினாலே தோசைக்கல்லாய்ச் சுடும். விசிறி போடும் சத்தத்தில் விளையாட்டின் சத்தம் கேட்காது. அதே பெட்டி இப்போது இளைத்துப் புதிதாக வந்திருக்கிறது, அவ்வளவு சூடாகாது, தன்னிடமுள்ள டிஸ்க் எல்லாம் அதிலும் ஓடும் என்று அவள்தான் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஒல்லிப் பெட்டியைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

வெளிநாட்டுச் சாமான் கடையில் பாய் இரண்டையுமே எடுத்து மேசைமேல் வைத்தார். விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெரியய்யா இரண்டு பெட்டியையும் இரண்டு கையில் தூக்கி, கண்ணை மூடி எடை பார்த்தார்.

“மோட்டாருன்னா கனக்கணும். செம்புக் கம்பி இருந்தாத்தான் கனம். இது நோஞ்சானா இருக்கு. உள்ள உள்ளத உருவிட்டு விக்கிறாய்ங்க” என்றார்.

அதோடு விட்டாரா? பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கினார். எங்கள் பக்கத்தில் வத்தலை அப்படித்தான் பார்ப்பார்கள். குலுக்கும்போது உள்ளே விதை சலசலத்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தமில்லை என்றால் ஈரம் இருக்கிறது, வாங்கக் கூடாது. ஒல்லிப் பெட்டி ஊமையாக இருந்தது. குண்டுப் பெட்டிக்குள் கலகலவென்று ஏதோ உருண்டது.

“கேட்டியாலே? இதான் சரக்கு” என்றார் அய்யாவிடம்.

பாய் முகம் வெளுத்துவிட்டது. “மெதுவா அண்ணே, அது மொளகா இல்ல” என்றார். உருண்டது என்ன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அய்யாவும் வாங்கிக் குலுக்கினார். அவரும் மிளகாய்க்காரர்தானே. அவர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. அந்தத் தலையாட்டலோடு எங்கள் வீட்டில் எந்த வியாபாரமும் முடிந்துவிடும். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அய்யா, அதுல என்னமோ கழண்டு கெடக்கு. எனக்கு ஒல்லிப் பெட்டிதான் வேணும்.”

“சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்” என்று பெரியய்யா என் தலையைத் தடவினார். கோபமெல்லாம் இல்லை, பிரியமாகத்தான் சொன்னார்.

அய்யா குண்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். “ஏன்னு சொல்லு தாயி” என்றார்.

சொன்னேன். பழையது சூடாவதையும், உள்ளே இருக்கும் சாமான்களையே இப்போது சின்னதாகச் செய்வதையும் தோழி சொன்னபடி ஒப்பித்தேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, “வத்தலுங்கூடத்தான் காஞ்சா எடை கொறையுது. அதுக்காக அது மட்டமாய்யா?” என்று கேட்டேன். பாய் சிரித்துவிட்டார்.

“இவ சொல்றதையே குடுங்க பாய்” என்றார் அய்யா. சொல்லும்போது அவர் பெரியய்யா பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பெட்டி நான் பள்ளி முடிக்கும் வரை ஓடியது. பெரியய்யா சாயங்காலங்களில் வந்து, விளையாட்டில் பைக் வளைகிற பக்கமெல்லாம் தானும் சாய்ந்துகொண்டு பார்ப்பார். போகும்போது மறக்காமல், “இது தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போவார். பின்னால் நான் சென்னையில் படிக்க வேண்டும் என்றபோது வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அன்றும் அய்யா என்னைப் பார்த்து, “ஏன்னு சொல்லு தாயி” என்றுதான் கேட்டார். அந்த அய்யாவுக்கு மகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

ஆனால் பெட்டி வாங்கிய அன்று என் பெருமையெல்லாம் பெட்டியின் மேல்தான். திரும்பும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அய்யா என் பக்கத்தில் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பெரியய்யா ஓட்டுநருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கே போனாலும் ஒரே சீட்டில் தோள் உரச வருகிற அண்ணனும் தம்பியும் அவர்கள். திருப்புல்லாணி தாண்டியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பேருந்து பாதி காலியாகத்தான் வந்தது.