எப்போதும் இடது இறக்கை

நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிப் பலகைகள் வரும். இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் ஒன்று இருக்கும். பலகையை எடுத்ததும் தாள் குப்பைக்குப் போய்விடும். செனாவாங்கில் எங்கள் பேக்கிங் பகுதியில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டுமே. அவர் மேசைவரை போய், பக்கத்தில் இருக்கும் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. கடைசியில் என்னோடு நின்று வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்தான் எனக்காகக் கேட்டாள். எதற்கு என்றார் அவர். விமானம் செய்ய என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். உண்மையை அப்படியே சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

விமானம் என் கணவருடைய ஆசை. அவர் லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் மெக்கானிக். எதிர்க் கடையில் ஏர்கண்டிஷன் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாதவர். அவரை நாங்கள் லுக்குட்காரர் என்றே சொல்வோம். உள்ளங்கை அகல ரிமோட்டை வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே அவர் ஒரு ஃபோம் விமானத்தைச் சுற்ற விட்டதை இவர் பார்த்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போதும் ஒரு கையைக் காற்றில் சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஓட்டுவது அவருக்குச் சீக்கிரம் கைவந்தது. செய்வதுதான் வரவில்லை. ஸ்பேனர் பிடித்த விரல் ஃபோமைத் தொட்டாலே பள்ளம் விழும். முதலில் செய்ததை அவர் சாதாரண சூப்பர் கம் போட்டு ஒட்டினார். ஒட்டின இடமெல்லாம் உப்புப் பட்ட நத்தைபோல உருகி ஓடியது. “இந்தா, நீ பாரு” என்று என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து செய்வது நான், ஓட்டுவது அவர்.

புதிய பிளேடு போட்டுத்தான் வெட்டுவேன். பழைய பிளேடு ஃபோமைக் கடித்து இழுக்கும். இறக்கையின் ஓரத்தை, தேய்ந்துபோன மணல்தாளால் உருட்டி எடுப்பேன். இறக்கை வளையாமல் இருக்க நடுவில் மெல்லிய கார்பன் குச்சி. வால் பக்கத்துச் சின்ன வேலைகளுக்கு, கறி குத்திச் சுடுகிற சாத்தே குச்சியைச் சீவினாலே போதும். மோட்டாரும் பேட்டரியும் வைத்த பிறகு முழு விமானமும் ஒரு கோழி முட்டை கனம்தான் இருக்க வேண்டும். மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்ப்பேன். கூடினால் எங்கே குறைக்கலாம் என்று யோசிப்பேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் டேவானில் விமானம் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள். கல்யாணமும் பேட்மிண்டனும் நடக்கிற மண்டபம் அது. காற்று உள்ளே வந்தால் இந்த விமானம் காகிதம்போலப் போய்விடும் என்பதால் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, ஃபேன்களை நிறுத்திவிடுவார்கள். அரை மணியில் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிவிடும். பேட்மிண்டன் வலையைக் குறுக்கே உயரத் தொங்கவிட்டு, ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் நிற்பார்கள். வலைக்கு அந்தப் பக்கம் விமானங்கள். முதலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றிப் பந்தயம் நடக்கும். பிறகு சண்டை. கோயில் தோரணத்துக்கு வாங்குகிற வண்ணக் காகிதத்தை நாடாபோல வெட்டி, ஒவ்வொரு விமானத்துக்கும் வாலாகக் கட்டியிருப்போம். மற்றவன் வாலைத் தன் முன்விசிறியால் வெட்டுகிறவன் ஜெயித்தவன். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி ஒருவர் விசில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். அவர் வேலையை விட்டுப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் விசில் ஊதினால் எல்லாரும் நேராக நிற்பார்கள்.

நான் சமையல்கட்டு வாசலில் டேப்பும் ஃபோம் பசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மோதி விழுந்தவை எல்லாம் என்னிடம்தான் வரும். கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணி, கொஞ்சம் பாருங்கலா” என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஆட்களைவிட எனக்கு அவர்களுடைய உடைசல்தான் பழக்கம். லுக்குட்காரர் முட்டி மோதுகிறவர், அவருடையது எப்போதும் மூக்கு நசுங்கி வரும். கிராணி எப்போதாவது ஓட்டினால் தரையை ஒட்டியே ஓட்டுவார், வயிறு தேய்ந்திருக்கும். என் கணவருடையது முன்பெல்லாம் கண்ட இடத்தில் உடையும். பிறகு ஒரு காலத்திலிருந்து இடது இறக்கை மட்டும் உடைய ஆரம்பித்தது.

“ஏன் எப்பவும் இடது பக்கமே அடி வாங்குது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காத்து அந்தப் பக்கமா வருது.”

“டேவான்ல ஏதுங்க காத்து? ஃபேனே போடலையே.”

“ஓட்டுறது நானா நீயா?”

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கவனித்தேன். சோற்றுத் தட்டுக்கு இடது பக்கம் சம்பல் கிண்ணத்தை வைத்தால், “இன்னிக்குச் சம்பல் இல்லையா?” என்பார். கிண்ணத்தை வலது பக்கம் நகர்த்தினால் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்வார். அப்படி நகர்த்தியபோது ஒருநாள் என் கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணுக்குப் போயிருந்தது. அவருக்கு அது முன்னமே தெரியும். கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், அவர்தான் வீட்டில் சொல்லவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இடது கண்ணில் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு வலது கண் போதும். பட்டறையில் உட்கார்ந்து கார்புரேட்டர் கழுவுவதில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

“கண்ணுன்னு சொல்லிட்டா என்ன?” என்று கேட்டேன்.

“சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? ‘அண்ணே, நீங்க உக்காருங்க, டீ குடிங்க’ன்னு சொல்வானுங்க. மரியாதையாத்தான் சொல்வானுங்க. அதோட முடிஞ்சது. நான் சுவரோரம் உக்காந்து கை தட்டிட்டு வரணும்.”

அவர் பயந்தது அதற்குத்தான். வலைக்குப் பின்னால் நிற்கிற அந்த வரிசையில் தன் இடம் போய்விடும் என்று. பட்டறையில் முதலாளி சொல்வதைச் செய்ய வேண்டும், வீட்டில் மருந்து சொல்வதைச் செய்ய வேண்டும். அங்கே மட்டும்தான் அவர் சொன்னதை ஒரு பொருள் கேட்டுப் பறந்தது. அந்த ஆசையை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. வெட்டுகிறபோது பிளேடு நான் நினைத்த கோட்டிலேயே போனால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

போனில் வெளிநாட்டுப் பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஓட்டுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று, எதிராளி எங்கே வருகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவரிடம் காட்டினேன்.

“இது மாதிரி நான் நிக்கிறேன்.”

அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. “நீயா? பேக்டரி பஸ் நம்ம முச்சந்தியத் தாண்டிப் போனப்ப, நிறுத்துன்னு கத்த வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த ஊரு வரைக்கும் போய் நடந்து வந்தவ. நீ டேவான்ல கத்தப்போறியா?”

உண்மைதான். அதனால் காற்று அடங்கிய நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலேயே பழகினோம். முதலில் இடது, வலது என்று சொன்னேன். எனக்கு அவசரத்தில் இரண்டும் மாறிப்போகும். பிறகு மண்டபத்தின் பக்கங்களையே வைத்துக்கொண்டோம். மேடைப் பக்கம், வாசல் பக்கம், சமையல்கட்டுப் பக்கம், செம்பனைப் பக்கம். செம்பனைப் பக்கம் என்றால் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்கள். தன் விமானம் அவருக்கு மங்கலாகவாவது தெரியும். இடது பக்கத்திலிருந்து வருகிறவன்தான் தெரியாது. அவன் எங்கிருந்து வருகிறான், இவர் எங்கே தப்ப வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். துணிக் கொடிக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில் இது நன்றாகவே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டேப்பை வைத்துவிட்டு வலைக்குப் பின்னால் போய் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லுக்குட்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்னண்ணே, பாடிகார்டோட வந்துட்டீங்க?”

“கூட ஒரு ஆளு நிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?” என்றார் இவர்.

எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். “இல்லை. விமானத்துக்குத்தான் கட்டுப்பாடு, வாய்க்கு இல்லை” என்று சொல்லிவிட்டு அவர் விசிலை ஊதினார்.

தொடங்கிக் கொஞ்ச நேரம் எனக்குச் சத்தமே வரவில்லை. லுக்குட்காரரின் சிவப்பு விமானம் இடது பக்கமாக வளைந்து வந்தது. இவருடைய தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்த்ததும் என் தொண்டையிலிருந்து என்னை அறியாமல் வந்தது. “சமையல்கட்டுப் பக்கம் வர்றாரு! மேடைக்குப் போங்க, மேடைக்கு!”

இவர் மேடைக்குத் திருப்பினார். சிவப்பு விமானம் சமையல்கட்டை விட்டுவிட்டு இவருக்கு முன்னாலேயே மேடைப் பக்கம் போய்த் திரும்பியது. நேராக வந்த இவருடைய வால் முழுசாக அறுந்து, கல்யாணப் பூப்போலக் கீழே விழுந்தது.

மண்டபமே சிரித்தது. வீட்டுக்குப் பின்னால் பழகும்போது கேட்பதற்குக் கோழிகள்தான் இருந்தன. இங்கே சமையல்கட்டு எது, மேடை எது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வழியை நானே ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதுபோல ஆகிவிட்டது.

“அண்ணி, நீங்க அண்ணன் கட்சியா என் கட்சியா? சொல்லிட்டீங்கன்னா மத்தியானம் உங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கித் தர்றேன்லா!” என்றார் லுக்குட்காரர். பிறகு இவர் பக்கம் திரும்பி, “ஏண்ணே, இத்தனை நாளு நல்லாத்தானே ஓட்டுனீங்க? மூஞ்சில ரெண்டு கண்ணு இல்ல? அண்ணியப் போய் ஏன் கஷ்டப்படுத்துறீங்க?” என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என் கணவர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கால் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சுவரோரம் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யாரோ டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணுதான் இருக்கு” என்றார். “இடது கண்ணு மங்கிப் போச்சு. இனிப்பு நீரு. லேசர் வச்சாச்சு.”

லுக்குட்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, எங்கே போவது என்று தெரியாமல் இருந்தது. பிறகு மெதுவாக, “அப்ப நானும் ஒரு கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறேண்ணே” என்றார்.

“மூடிப் பாரு. அந்த ரிமோட்டப் பிடுங்கி உன் தலையிலேயே அடிக்கிறேன். இரக்கப்பட்டுக்கிட்டு ஓட்டுறதா இருந்தா நான் இப்பவே கிளம்புறேன்.”

“சரிண்ணே, சரிண்ணே. ரெண்டு கண்ணையும் தொறந்தே வெட்டுறேன்.”

“வெட்டு பாக்கலாம்.”

கிராணி வலை ஒழுங்காகத் தொங்குகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்தார். “வால் கட்டுங்க, ரெண்டாவது சுற்று” என்றார்.

நான் புது நாடாவைக் கட்டினேன். விசில் ஊதின பிறகு எனக்குச் சத்தம் வராது என்று தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாயைத் திறக்கவே முடியவில்லை. சிவப்பு விமானம் மறுபடி இடது பக்கமாக வளைந்தது. என் கை போய் அவருடைய இடது தோளைத் தொட்டது. அவர் உடனே வலது பக்கம் சாய்த்து மேலே ஏற்றினார். சிவப்பு கீழே போயிற்று.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் முன்னால் நான் அவரைத் தொட்டதில்லை. கோயிலில்கூட ஒரு கை இடைவெளி விட்டுத்தான் நிற்போம். கத்துவதைவிட இது எனக்குப் பெரிய வெட்கம். ஆனால் கையை எடுத்தால் அவர் குருடாகிவிடுவார் என்று தோன்றியது. எடுக்கவில்லை. இடது தோள் என்றால் அந்தப் பக்கம் ஆள். முதுகுக்கு நடுவில் தொட்டால் பின்னால் ஆள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கே புரிந்தது. ஈரச் சட்டைக்குள்ளே அவர் தோள் சதை ஒவ்வொரு திருப்பத்துக்கும் முறுக்கிக்கொள்வது என் கைக்குத் தெரிந்தது. நான் வெட்டி ஒட்டிய விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை உடைந்த பிறகுதான் அது என்னிடம் வரும்.

லுக்குட்காரர் இரக்கப்படவில்லை. மூன்று பக்கமும் மாறி மாறி வந்தார். ஒருமுறை இவர் வாலின் நுனியைச் சீவியே விட்டார். கடைசி விசில் ஊதும்போது இரண்டு வாலும் இருந்தன. சமம் என்றார் கிராணி.

“நுனிய வெட்டிட்டேனே, அது கணக்கு இல்லையா?”

“நுனிக்குக் கணக்கு இல்லை.”

“அடுத்த வாரம் பாருங்கண்ணே, அடியோட வெட்டுறேன்!”

“வா வா. சிரைக்கத்தான் லாயக்கு நீ” என்றார் இவர். டீ கொண்டுவந்தார்கள். நின்றுகொண்டே குடித்தார்.

திரும்பி வரும்போது மோட்டாரை நான்தான் ஓட்டினேன். செம்பனை லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்ததால் மெதுவாக வந்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ரந்தாவ் கடைகளைத் தாண்டினோம். பிறகு என் காதுப் பக்கம் குனிந்து சொன்னார்.

“அடுத்த தடவை கொஞ்சம் அழுத்தித் தொடு. சட்டைக்கு மேல சரியாத் தெரியல.”